கூடிப் பேசும் இடம் யாருடையது?

வடசென்னையில் பேசின் பிரிட்ஜ் இரயில் சந்திப்பைச் சுற்றி அமைந்த புளியந்தோப்பு, பட்டாளம், வியாசர்பாடி, பெரம்பூர் முதலிய பகுதிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளின் பெயரைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. பின்னி கம்பெனியாரின் நிர்வாகத்தில் இருந்த அப்பஞ்சாலைகளில் உழைத்த ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், தங்கள் குறைகளை அச்சமின்றி ஒருவரோடொருவர் கலந்து பேசுவதற்கு ஆலைக்கு வெளியே ஓரிடம் வேண்டும் என்று உணர்ந்த காலத்தில், அவர்களுக்கு முதன்முதலாகக் கிடைத்தது அரசியல் மேடை அன்று; செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு ஆகியோர் ஈடுபட்டிருந்த வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்னும் பக்திச் சபையே. 1918 மார்ச்சு மாதத்தில் அச்சபையின் ஆதரவில் திரு.வி.க. தொழிலாளரிடையே பேசினார், அடுத்த மாதம் 27ஆம் நாள், பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. முறையாக அமைந்த இந்தியத் தொழிற்சங்கங்களுள் முதலாவது அதுவே என்பது வரலாற்றாசிரியர் பலரின் துணிபு.

கூலி உயர்வு, வேலை நேரம், மேலதிகாரிகளின் கொடுமை ஆகியவை அச்சங்கம் எழுப்பிய பிரச்சினைகள் என்பதை யாவரும் அறிவர். ஆனால் அவற்றுக்கெல்லாம் அடிப்படையாக இருந்த ஒரு விஷயத்தை நாம் போதிய அளவு கவனித்ததில்லை. முதலாளிக்குச் சொந்தமான இடத்தில் கூடி, முதலாளி கேட்டுக்கொண்டிருக்கும்போதே பேசி, முதலாளி விரும்பிய கணத்தில் கலைக்கப்படக்கூடிய கூட்டம் ஒரு சமுதாயம் ஆகாது. உறுப்பினர் பட்டியலும், சந்தாக் கணக்கும், கூட்டம் கூடும் இடமும் தன் கையில் இருக்கும்போதுதான் அது சங்கமாகிறது. இந்த உண்மை பஞ்சாலைக் காலத்துக்கு மட்டும் உரியதன்று. நம் காலத்தில் மக்கள் கூடிப் பேசும் இடங்களாகிவிட்ட சமூக வலைத்தளங்களைப் பற்றியும், அவற்றை விட்டு நீங்கி, ஒரே உடைமையாளர் இல்லாத, அந்தரங்கத்தை மதிக்கும் பொதுக்கூடங்களை இணையத்தில் அமைத்துக்கொள்ளும் முயற்சிகளைப் பற்றியும் ஆராய்வதற்கு அதைவிடத் தக்க தொடக்கம் வேறில்லை.

இன்றைய கூடம்

இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வரை நீளும் இத்தொழிற்பகுதியில் இன்று மக்கள் கூடும் இடம் பெரும்பாலும் கைப்பேசிக்குள்ளேயே அமைந்துவிட்டது. காசிமேட்டில் லாஞ்சுகள் எப்போது கரை சேரும், ஏலம் எப்படிப் போயிற்று, ஐஸ் என்ன விலை, எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் எதுவரை நிற்கின்றன, தண்ணீர் லாரி எந்தத் தெருவுக்கு வந்திருக்கிறது, கரண்ட் எப்போது வரும், யார் வீட்டில் துக்கம் என்பன யாவும் ஏரியா குரூப்புகளிலேயே அறிவிக்கப்படுகின்றன. ஒப்பந்தத் தொழிலாளர் தம் சம்பளப் பாக்கியைப் பற்றிப் பேசுவதும், ஆலைப் புகையைப் பற்றிய புகாருக்குக் கையெழுத்துச் சேர்ப்பதும் அங்கேதான் நடைபெறுகின்றன. இவ்வளவு பயனுள்ள சாதனத்தைக் குறைகூறுவது நன்றி மறந்த செயல் என்று சிலர் கருதலாம். சாதனத்தின் பயனை யாரும் மறுக்கவில்லை. அது யாருடைய உடைமை என்பதே கேள்வி.

பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்காகக் காத்து நிற்கும் புறநகர் வண்டியில் அமர்ந்திருக்கும் ஒருவர், அதே பெட்டியின் மறுகோடியில் நிற்கும் தம் நண்பருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புகிறார் என்று கொள்வோம். இருபதடி தூரம் செல்ல வேண்டிய அச்செய்தி, முதலில் செல்பேசிக் கோபுரத்தை அடைந்து, அங்கிருந்து அந்நிறுவனத்தின் சர்வர்களுக்குச் சென்று, மீண்டும் அதே கோபுரத்தின் வழியாகவே நண்பரின் கைக்கு வருகிறது. 2016ஆம் ஆண்டிலிருந்து செய்தியின் உள்ளடக்கம் இருமுனைக்கும் இடையே மறைகுறியாக்கம் செய்யப்படுவதால், என்ன எழுதினார் என்பதை இடையிலுள்ள நிறுவனம் படிக்க இயலாது; இது பாராட்டத்தக்கதே. ஆயினும் யார் யாரோடு பேசினார், எந்நேரத்தில் பேசினார், எத்தனை முறை பேசினார், எந்தெந்தக் குழுவில் இருக்கிறார் என்னும் விவரங்களை அந்நிறுவனம் அறியக்கூடிய நிலையில்தான் இருக்கிறது. ஒரு தொழிற்சங்க அமைப்பாளரைப் பொறுத்தமட்டில், அவர் பேசிய சொற்களைக் காட்டிலும் இந்த விவரங்களே அபாயகரமானவை என்பதைத் தொழிலாளர் வரலாறு அறிந்தவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

பேஸ்புக் நிறுவனம் 2014இல் வாட்ஸ்அப்பை விலைக்கு வாங்கிற்று. 2021 சனவரியில், பயனர் விவரங்களைத் தாய் நிறுவனத்தோடு பகிர்ந்துகொள்வதற்கான புதிய நிபந்தனைகள் பயனர்முன் வைக்கப்பட்டன. இந்தியாவில் அந்நிபந்தனைகள் முன்வைக்கப்பட்ட முறை சந்தை ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவதாகும் என்று முடிவுசெய்த இந்தியப் போட்டி ஆணையம், 2024 நவம்பரில் மெட்டா நிறுவனத்துக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதற்கு முன்னரே, கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தில் ஏறத்தாழ 5.62 லட்சம் இந்தியரின் விவரங்கள் கைமாறியிருக்கக்கூடும் என்பதை 2018இல் பேஸ்புக்கே ஒப்புக்கொண்டிருந்தது. அந்தரங்கம் என்பது அரசியல் சாசனம் அளித்த அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் ஒருமித்துத் தீர்ப்பளித்த நாள் 2017 ஆகஸ்டு 24. அவ்வுரிமை தீர்ப்பு ஏட்டில் இருப்பதற்கும் நம் கைப்பேசியில் இருப்பதற்கும் இடையே உள்ள தூரம் இன்னும் குறையவில்லை.

சென்னை உயர் நீதிமன்றமும் இவ்விவாதத்தில் ஒரு முக்கிய அரங்காயிற்று. சமூக வலைத்தளக் கணக்குகளை ஆதாரோடு இணைக்க வேண்டும் என்ற கோரிக்கையுடன் 2018இல் தொடுக்கப்பெற்ற வழக்கில், அக்கோரிக்கையை ஏற்காத நீதிமன்றம், அவதூறும் வதந்தியும் பரப்புகின்ற முதல் நபரைக் கண்டுபிடிக்க வழியுண்டா என்ற பெரிய கேள்விக்குள் புகுந்தது. செய்தியோடு முதலில் அனுப்பியவரின் அடையாளத்தையும் சேர்த்தே அனுப்பலாம் என்று சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் காமகோடி கருத்துரைத்தார். அம்முறை பயன் தராது, தீங்கே விளைவிக்கும் என்று மும்பை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் மறுத்துரைத்தார். வழக்கு பின்னர் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. கோடிக்கணக்கான மக்களின் சம்பாஷணை ஒரே நிறுவனத்தின் வழியாகச் செல்லும்போது, அந்த ஒரு கழுத்தைப் பிடித்தால் போதும் என்ற எண்ணம் அரசுகளுக்கு எழுவது இயல்பு. ஏகபோகம், கண்காணிப்பை எளிதாக்கிக் கொடுக்கிறது.

அழிந்துபோன நினைவேடுகள்

கண்காணிப்பைப் போலவே கவலைக்குரிய மற்றொன்று, அழிவு. தமிழர் இணையத்தில் கூடிப் பேசத் தொடங்கி முப்பது ஆண்டுகள் ஆகின்றன. இதற்குள் அவர்கள் எத்தனை கூடங்களை இழந்துவிட்டார்கள் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். இலவசமாக இடம் கொடுத்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டபோது, ஆரம்பகாலத் தமிழார்வலர் பலர் அங்கே அமைத்திருந்த பக்கங்கள் மறைந்தன. ஆர்குட்டின் குழுமங்கள் 2014 செப்டம்பரோடு முடிந்தன. கூகிள் பிளஸ் 2019 ஏப்ரலில் நின்றது. மரத்தடி, ராயர் காபி கிளப் போன்ற பெயர்களில் தமிழ் எழுத்தாளரும் வாசகரும் நாள்தோறும் கூடி விவாதித்த யாகூ குழுமங்களின் களஞ்சியத்தை அந்நிறுவனம் 2019 டிசம்பர் தொடங்கி நீக்கி, 2020 டிசம்பரில் அச்சேவையையே மூடிவிட்டது. இவற்றுள் எதையும் தமிழர் மூடவில்லை. மூடலாமா என்று தமிழரை எவரும் கேட்கவுமில்லை.

இதற்கு மாறாக, 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று கல்யாணசுந்தரத்தின் முயற்சியால் தொடங்கிய மதுரைத் திட்டம் இன்றும் நிலைத்திருக்கிறது. தன்னார்வலர் தட்டெழுதிய நூல்களை எவரும் நகலெடுத்துத் தம் கணினியில் வைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடே அதன் ஆயுளுக்குக் காரணம். 2003இல் தோன்றி, ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளாக வளர்ந்துள்ள தமிழ் விக்கிப்பீடியாவின் உள்ளடக்கம் முழுவதையும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொண்டு வேறோரிடத்தில் மீண்டும் நிறுவ இயலும். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலான கொடுமையை அனுபவித்த ஈழத் தமிழர், 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தின் வாயிலாகத் தம் அச்சு ஏடுகளை எண்ணிம வடிவில் காத்து வருவதும் நாம் கருதத்தக்கது. ஒரே இடத்தில் ஒரே பிரதி இருந்தால் அதை ஒரு தீக்குச்சியும் அழிக்கும், ஒரு நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கும் அழிக்கும். பல இடங்களில், பலர் கையில் இருப்பது எளிதில் அழிவதில்லை.

பொதுவான அகலம்

ஒரே உடைமையாளர் இல்லாத கூடம் எவ்வாறு இயங்கும் என்பதை இனி நோக்குவோம். சென்னையின் இரயில் வரலாறு இதை விளங்கிக்கொள்ளத் துணைசெய்யும். 1856இல் இராயபுரத்திலிருந்து புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் பாதை அகலப் பாதை. பேசின் பிரிட்ஜ் வழியாகச் சென்ட்ரலை அடையும் பாதைகளும் அவ்வாறே. எழும்பூரிலிருந்து தெற்கே சென்றதோ மீட்டர் பாதை. வடக்கேயிருந்து வந்த சரக்கு தெற்கே செல்ல வேண்டுமானால், ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றொரு வண்டியில் ஏற்றியாக வேண்டும். தண்டவாளத்தின் அகலம் ஒன்றாக இருக்குமிடத்திலோ, பாதைகள் வெவ்வேறு நிர்வாகங்களின் கையில் இருந்தாலும் வண்டி தடையின்றி ஓடும். இன்றைய சமூக வலைத்தளங்கள் வேண்டுமென்றே வெவ்வேறு அகலத்தில் பாதை போட்டுக்கொண்ட கம்பெனிகள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி பொதுவாகச் செல்லாது.

பொதுவான அகலத்தை வகுத்துக்கொண்டு, அவ்வகலத்துக்கு இணங்க எவரும் தம் பாதையைப் போட்டுக்கொள்ளலாம் என்பதே கூட்டிணைப்பு முறையின் தத்துவம். மின்னஞ்சல் இம்முறையில் பல்லாண்டுகளாக இயங்கி வருகிறது. ஒருவர் ஒரு நிறுவனத்திலும் மற்றவர் வேறொரு நிறுவனத்திலும் முகவரி வைத்திருந்தாலும் கடிதம் போய்ச் சேர்கிறது. உடனடிச் செய்திக்கு அத்தகைய பொது நெறியாக எக்ஸ்.எம்.பி.பி. என்பது 1999ஆம் ஆண்டிலிருந்து வளர்ந்து வருகிறது. மேட்ரிக்ஸ் என்பது பிற்காலத்து நெறி. பிரெஞ்சு அரசாங்கம் தன் அலுவலர்களுக்காகவும் ஜெர்மானிய இராணுவம் தன் படையினருக்காகவும் அமைத்துக்கொண்ட செய்திச் சேவைகள் மேட்ரிக்ஸின்மீது எழுந்தவையே. டுவிட்டர் போன்ற பொதுமேடைக்கு, ஜெர்மனியின் யூஜின் ரோச்கோ 2016இல் மாஸ்டடானை உருவாக்கினார். அது பேசும் ஆக்டிவிட்டிபப் என்னும் நெறியை 2018 சனவரியில் உலகளாவிய வலைச் சேர்த்தியம் தன் பரிந்துரையாக ஏற்றது. இத்தகைய சேவைகளில் ஒருவருடைய முகவரி அவர் பெயரையும் அவர் தங்கியுள்ள சர்வரின் பெயரையும் சேர்த்தே அமைகிறது. மாஸ்டடானில் ஒரு சர்வரின் போக்குப் பிடிக்காவிடில், தம்மைப் பின்தொடர்வோரை அழைத்துக்கொண்டு வேறொரு சர்வருக்குக் குடிபெயரலாம்; பழைய பதிவுகள் உடன்வாரா எனினும் உறவு அறுபடுவதில்லை.

இது தமிழருக்குப் புதிய அனுபவம் அன்று. 1990களில் ஒவ்வொரு தமிழ்ப் பத்திரிகையும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்துக்கொண்டு இணையத்தில் வந்தது. ஒன்றின் எழுத்துருவை இறக்கிக்கொண்டவர் மற்றொன்றைத் திறந்தால் பொருளற்ற குறிகளையே கண்டார். ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் தேடவும் இயலவில்லை. உலகெங்கும் இருந்த தமிழ்க் கணினி ஆர்வலர் விவாதித்தும் பிணங்கியும் இணங்கியும் பொதுக் குறியீடுகளை வகுத்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாடு அம்முயற்சியில் ஒரு மைல்கல். இறுதியில் யூனிகோடு நிலைபெற்றது. இன்று எழுத்துருவைப் பற்றிக் கவலைப்படாமல் நாம் தமிழில் எழுதுவது, எந்த ஒரு கம்பெனிக்கும் சொந்தமல்லாத ஒரு பொது நெறியின் பயன். எழுத்துக்கு நாம் சாதித்துக்கொண்டதை உரையாடலுக்குச் சாதிக்க முடியாது என்று சொல்வதற்கு நியாயம் ஏதுமில்லை.

இந்திய அனுபவம்

இந்நாட்டில் இதுவரை நடந்தவற்றிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடங்கள் சில உண்டு. 2019ஆம் ஆண்டின் இறுதியில் உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் டுவிட்டர் கணக்கு முடக்கப்பட்டபோது, மனம் கொதித்த இந்தியர் பலர் கூட்டமாக மாஸ்டடானில் சேர்ந்தனர். 2022 அக்டோபரில் ஈலான் மஸ்க் டுவிட்டரை வாங்கிய பின் உலகெங்கிலும் அதைவிடப் பெரிய அலை எழுந்தது. இரு அலைகளும் பெருமளவில் வற்றின. போனவர்கள் தனித்தனி மனிதராகப் போனதே காரணம் என்பது என் கருத்து. உறவினரும் வாசகரும் தோழரும் பழைய இடத்திலேயே இருக்க, ஒருவர் மட்டும் கோபத்தோடு வெளியேறினால், கோபம் ஆறியதும் அவர் திரும்பி வருவது இயல்பே. கூட்டம் இருக்கும் இடத்தில்தான் கூட்டம் சேரும்.

மற்றொரு பாடம், சுதேசிப் பொருள் பற்றியது. டுவிட்டருக்கு மாற்றாக எழுந்து தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்கிய கூ, 2024 சூலையில் மூடப்பட்டது. தமிழ்நாட்டு நிறுவனமாகிய சோஹோ 2021இல் வெளியிட்ட அரட்டை என்னும் செயலி 2025இல் திடீரென்று பெரும் வரவேற்பைப் பெற்றது. தமிழர் அறிவும் உழைப்பும் உலகத் தரத்தில் ஒரு செயலியைப் படைப்பது நமக்குப் பெருமையே. ஆயினும் உடைமையாளர் அமெரிக்கராயினும் தமிழராயினும், கூடத்தின் சாவி ஒருவர் கையில் இருக்கும்வரையில் நம் நிலைமையில் அடிப்படையான மாற்றம் இல்லை என்பதை நாம் மறத்தலாகாது. எந்தச் செயலியையும் நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, அது எந்த நாட்டில் பிறந்தது என்பதன்று. மற்றச் செயலிகளோடு பேசுமா, நாம் விலகும்போது நம் உடைமைகளை எடுத்துச்செல்ல விடுமா என்பதே.

இவ்வகையில் மதிக்கத்தக்க முயற்சிகள் நம்மிடையே நடந்து வருகின்றன. இந்தியக் கட்டற்ற மென்பொருள் சமூகத்தினர் தன்னார்வ உழைப்பால் கூட்டிணைப்புச் சேவைகளை நடத்துகின்றனர். அவர்களிடையே தோன்றிய பிராவ் என்னும் செய்திச் சேவை, எக்ஸ்.எம்.பி.பி. நெறியில் இயங்குவதோடு, பயனரே பங்குதாரராக இருக்கும் கூட்டுறவுச் சங்கமாக நடைபெற வேண்டும் என்ற குறிக்கோளையும் கொண்டது. 1904ஆம் ஆண்டிலேயே திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, அரிசியும் பருப்பும் வாங்குவதில் கூட்டுறவின் பலத்தை உணர்ந்த நகரம் சென்னை. பேச்சுக்கும் அம்முறையைக் கைக்கொள்வது நம் மரபுக்கு ஒவ்வாதது அன்று.

தடைகளும் உண்டு. 2023 மே மாதத்தில், ஜம்மு காஷ்மீரில் பயங்கரவாதிகள் பயன்படுத்துகின்றனர் என்ற காரணம் காட்டி மைய அரசு 14 செயலிகளைத் தடைசெய்தது. மேட்ரிக்ஸ் நெறியில் இயங்கும் எலிமெண்டும், பிரையர் என்னும் செயலியும் அவற்றுள் அடங்கும். பாதுகாப்பைப் பேணுவது அரசின் கடமை என்பதில் ஐயமில்லை. ஆனால் இப்பிரையர் எத்தகையது என்பதை வடசென்னை மக்கள் அறிய வேண்டும். இணையத் தொடர்பு முற்றும் அற்றுப்போன போதும், அருகருகே உள்ள கைப்பேசிகள் புளூடூத், வைஃபை வாயிலாகத் தமக்குள் நேரடியாகச் செய்தி பரிமாறிக்கொள்ள உதவுவது அது. தொலைதூரம் எட்டாது எனினும், ஒரு தெருவுக்குள்ளும் ஒரு குடியிருப்புக்குள்ளும் அது பயன்படும்.

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் கொணர்ந்த வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் மின்சாரம் நின்று, செல்பேசிக் கோபுரங்களும் ஓய்ந்தன. அந்நாட்களிலேயே மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு கலந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்து, காட்டுக்குப்பம் முதலிய மீனவர் ஊர்களின் படகுகளிலும் வலைகளிலும் படிந்தது. அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவை ஒட்டிப் பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிய, நெடி தாங்காமல் விழித்தெழுந்த மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டு ஓடினர். ஆலைகளின் அருகே வாழும் மக்களுக்குத் தமக்கேயான எச்சரிக்கைச் சாதனம் ஒன்று வேண்டும் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுமா?

அத்தகைய சாதனம் உயிர் காக்கும் என்பதற்கு நம் கரையிலேயே முன்மாதிரி உண்டு. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் அறிவு மையங்களை நிறுவியிருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரில் வேலைபார்த்த நல்லவாடு ஊர் இளைஞர் ஒருவர் ஆழிப்பேரலைச் செய்தியை அறிந்து தம் வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்ல, ஊரார் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அதை முழங்கினர்; அலை வருமுன் ஊர் வெளியேறிற்று; ஏறத்தாழ 3,600 பேர் வாழ்ந்த அவ்வூரில் உயிர்கள் தப்பின. அந்த ஒலிபெருக்கி ஊரின் நடுவே, ஊராரின் பொறுப்பில் இருந்தது. எவருடைய அனுமதியையும் அவர்கள் எதிர்பார்க்க வேண்டியிருக்கவில்லை. 2016இல் பாம்பனில் மீனவருக்காகவே தொடங்கிய கடல் ஓசைச் சமுதாய வானொலியும் இவ்வழியில் வந்ததே.

சாவி யார் கையில்?

பெரிய கம்பெனியை விட்டு நீங்கிவிட்டால் எல்லாத் தீமையும் ஒழிந்துவிடும் என்று நான் சொல்ல முன்வரவில்லை. புளியந்தோப்பின் வரலாறே அவ்வாறு சொல்ல விடாது. 1920இல் கதவடைப்பு நேர்ந்தபோது, தொழிலாளரை வேலைக்குச் செல்லாமல் இருக்கத் தூண்டுகின்றனர் என்று கம்பெனியார் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, வாடியா முதலிய தலைவர்களுக்கு எதிராகத் தடையாணை பெற்றனர். சங்கம் அமைப்பதற்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற கிளர்ச்சி அதனால் வலுப்பெற்று, 1926இல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. அத்தடையாணை வெளியிலிருந்து வந்த தாக்குதல். சங்கம் அதைத் தாங்கிற்று. 1921இலோ, நெடிய வேலைநிறுத்தத்தின் நடுவே, வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடத் தொழிலாளருக்கும் வேலைநிறுத்தத்தில் நின்ற ஏனையோருக்கும் இடையே புளியந்தோப்பில் கலகம் மூண்டு, குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தது. வெளித்தாக்குதலைத் தாங்கிய கட்டடம் உட்பிளவால் விரிசல் கண்டது. சாதி என்னும் சுவரைத் தன்னுள் வைத்துக்கொண்டே ஒரு கூடம் தன்னைப் பொதுக்கூடம் என்று அழைத்துக்கொள்ள முடியாது.

சிறு சர்வர்களுக்கும் இது பொருந்தும். சர்வரை நடத்துபவர் ஒருவர், விதியை வகுப்பவரும் அவரே, விலக்குபவரும் அவரே என்றால், தொலைதூர ஜமீன்தாருக்குப் பதிலாக ஊர்ப் பண்ணையாரை ஏற்றுக்கொண்டதாகவே முடியும். அவர் களைத்துப்போனால் கூடமும் மூடப்படும்; மாஸ்டடான்.டெக்னாலஜி என்னும் பெயர்பெற்ற சர்வர், அதை நடத்திய தனிமனிதர் தொடர இயலாமையால் 2022இன் இறுதியில் நின்றது. மொசில்லா போன்ற பொதுநல ஸ்தாபனம் தொடங்கிய சர்வரும் 2024 டிசம்பரில் மூடப்பட்டது. பெண்களைத் துன்புறுத்துவோரையும், சாதி இழிவு பேசுவோரையும், வதந்தி பரப்புவோரையும் யார், எந்த விதிப்படி, எத்தனை நாளில் விலக்குவது என்பது முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். விலக்கப்பட்டவர் முறையிட ஒரு குழு வேண்டும். அக்குழுவில் பெண்களும் ஒடுக்கப்பட்டோரும் பெயரளவுக்கன்றி அதிகாரத்தோடு இருத்தல் வேண்டும். இவ்வேலைகளுக்கு ஊதியம் கொடுப்பதற்குச் சந்தா வேண்டும். இலவசம் என்ற சொல்லை நம்பியே முன்னர் நம் கூடங்களை இழந்தோம்.

செய்யத்தக்கன

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்க்குமிடத்துப் புலப்படும் முடிவு இது: குடிபெயர்தல் தனிமனிதரின் துறவாக இல்லாமல், சங்கத்தின் தீர்மானமாக அமைதல் வேண்டும். நாளைக் காலையில் எல்லாரும் வாட்ஸ்அப்பை நீக்கிவிட வேண்டும் என்று கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது. மீன் வாங்குபவர் இருக்கும் இடத்தை விட்டு மீனவர் எங்ஙனம் நீங்குவார்? முதலில், ஒவ்வொரு சங்கமும் தன் உறுப்பினர் பட்டியலையும், தீர்மானங்களையும், புகைப்படங்களையும், புகார் மனுக்களின் நகல்களையும் கம்பெனியின் குழுவில் மட்டும் விட்டுவைக்காமல் தன் சொந்தப் பாதுகாப்பில், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்து, நிர்வாகிகளின் உள்விவாதத்தைப் பொது நெறியில் இயங்கும் சேவைக்கு மாற்றலாம். சில நூறு பேருக்கான எக்ஸ்.எம்.பி.பி. சர்வரை நடத்தச் சாதாரணக் கணினி ஒன்றே போதும். அது பழக்கமான பின்னரே உறுப்பினர் அனைவரையும் அழைத்தல் நலம்.

சட்டமும் துணைநிற்க வேண்டும். 2011ஆம் ஆண்டிலிருந்து இந்நாட்டில் எண்ணை மாற்றாமலே செல்பேசி நிறுவனத்தை மாற்றிக்கொள்ள முடிகிறது, யு.பி.ஐ. வந்த பின்னர் ஒரு செயலியிலிருந்து மற்றொரு செயலிக்குப் பணம் செல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்ணிமச் சந்தைச் சட்டம், பெரிய செய்திச் சேவைகள் பிற சேவைகளோடு பேசியாக வேண்டும் என்று விதித்திருக்கிறது. நம் நாட்டிலோ, 2019ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்பு மசோதாவில் இடம்பெற்றிருந்த, தன் விவரங்களை வேறிடத்துக்கு எடுத்துச்செல்லும் உரிமை, 2023இல் நிறைவேறிய சட்டத்தில் விடுபட்டுவிட்டது. பணத்துக்கும் எண்ணுக்கும் கொடுத்த விடுதலையைப் பேச்சுக்கும் கொடுக்குமாறு நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினரை நாம் கேட்க வேண்டும்.

வடசென்னையின் தொழிற்சங்கங்களையும், மீனவர் பஞ்சாயத்துகளையும், மகளிர் குழுக்களையும், படிப்பகங்களையும், கல்லூரிகளையும் நான் வேண்டிக்கொள்வது ஒன்றே. கணினி பயின்ற இளைஞர்களுக்கு இப்பகுதியில் பஞ்சமில்லை. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர் கற்றுக்கொடுக்கவும் காத்திருக்கின்றனர். உங்கள் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், நம் உறுப்பினர் பட்டியலும் பதிவேடுகளும் இன்று யாரிடம் இருக்கின்றன என்ற கேள்வியை ஒரு பொருளாகச் சேருங்கள். விடை கிடைத்தபின், அவற்றை உங்கள் கைக்குக் கொண்டுவரும் பொறுப்பை இருவர் பெயரில் எழுதித் தீர்மானம் நிறைவேற்றுங்கள்.